எழுத்தைத் தனியே பிரித்தெடுப்பது: கணினி இயற்கணிதத்தில் சமன்பாடுகள்

உணவக விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின்மீது 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் ஏறும். சிங்கப்பூரில் 2024 முதல் வரி விகிதம் இதுதான். பட்டியல் விலையை வி என்றும், கட்ட வேண்டிய மொத்தத்தை மொ என்றும் வைத்துக்கொண்டால்:

மொ = வி × 1.1 × 1.09

விலை தெரிந்தால் மொத்தம் உடனே கிடைக்கும். ரசீதில் 59.95 வெள்ளி என்று மட்டும் இருக்கிறது, பட்டியல் விலை என்ன என்று கேட்டால் சமன்பாட்டைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே பலர் 59.95-இலிருந்து 19.9 விழுக்காட்டைக் கழித்து 48.02 என்பார்கள். அது தவறு. பெருக்கி வந்ததை வகுத்துத்தான் திரும்ப முடியும்: 59.95 ÷ 1.199 = 50.

எண்ணைப் போடுவதற்கு முன்பே, எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு இந்தத் திருப்பும் வேலையைச் செய்து தருவதுதான் கணினி இயற்கணித மென்பொருள். சாதாரணக் கணிப்பானுக்கு எண் மட்டுமே தெரியும். 2-இன் வர்க்கமூலம் கேட்டால் 1.41421356 என்று நறுக்கிக் கொடுக்கும். இயற்கணித மென்பொருள் வர்க்கமூலத்தை வர்க்கமூலமாகவே விட்டுவைக்கும். பின்னால் அதை வர்க்கப்படுத்தினால் சரியாக 2 வரும், 2.0000000001 வராது.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று போதும். பைத்தான் மொழிக்குள் இயங்கும் சிம்பை; அமெரிக்காவின் எம்ஐடியில் 1968-இல் தொடங்கிய பழைய மேக்சிமா (Macsyma) திட்டத்தின் வழிவந்த இன்றைய மேக்சிமா (Maxima); நிரல் எழுதாமல் உலாவியிலேயே தட்டிப் பார்க்க ஜியோஜீப்ரா. காசு கொடுத்து வாங்குபவை மேத்தமேட்டிக்கா, மேப்பிள். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்களுடைய எச்2 கணிதத் தேர்வில் வரைபடக் கணிப்பானுக்கு இடமுண்டு, ஆனால் இயற்கணித வசதியுள்ள கணிப்பானுக்கு இல்லை. வீட்டில் விடையைச் சரிபார்க்கத்தான் இவை.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் சிம்பையைப் பின்பற்றுகிறோம். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம்; கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்கள் அப்படியல்ல. பைத்தான் 3 தமிழ் எழுத்தை மாறிப் பெயராக ஏற்றுக்கொள்ளும், அதனால் வி, மொ என்றே வைக்கலாம். இதில் ஒரு லாபமும் உண்டு. சிம்பையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ' கற்பனை எண்ணுக்கும், பெரிய 'ஈ' இயல் மடக்கையின் அடிமானமான 2.718-க்கும் ஒதுக்கப்பட்டவை. வட்டிக்கு 'ஐ', ஆற்றலுக்கு 'ஈ' என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டுகிறவர்களுக்கு விடை விநோதமாக வருவது இதனால்தான். தமிழ் எழுத்தில் இந்த மோதல் இல்லை.

சமக்குறி என்றால் என்ன?

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் சமக்குறி. பைத்தானில் ஒற்றைச் சமக்குறி 'இந்தப் பெயரில் இதை வை' என்று பொருள்படும். அது சமன்பாடு அல்ல. இரட்டைச் சமக்குறி 'இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா?' என்று கேட்கும். (அ + 1)² என்பதையும் அ² + 2அ + 1 என்பதையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் சிம்பை 'பொய்' என்றே சொல்லும். மதிப்பு ஒன்றுதான், ஆனால் எழுதிய வடிவம் வேறு. சமன்பாட்டை உருவாக்க 'ஈக்யூ' என்ற கட்டளை இருக்கிறது: முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது, அடைப்புக்குறிக்குள் இடப்பக்கம், காற்புள்ளி, வலப்பக்கம். அல்லது எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து அந்தக் கோவையை மட்டும் 'சால்வ்' கட்டளையிடம் கொடுத்தால், அது பூச்சியத்துக்குச் சமம் என்று தானே எடுத்துக்கொள்ளும்.

மேக்சிமாவில் நிலைமை தலைகீழ். அங்கே ஒற்றைச் சமக்குறிதான் சமன்பாடு, பெயர் வைக்க முக்காற்புள்ளி. ஜியோஜீப்ராவில் பெயர் வைக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்து வரும். மேத்தமேட்டிக்காவில் இரட்டைச் சமக்குறி சமன்பாடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெருக்கல் குறியை விழுங்கிவிடுவது அடுத்த தவறு. தாளில் 2அ என்று எழுதுவோம். பைத்தானிலும் மேக்சிமாவிலும் இடையில் நட்சத்திரக் குறி போட்டே ஆக வேண்டும். 2அ என்றால் பிழைச் செய்தி வரும், அது நல்லது. ஆபத்து, செய்தியே வராத இடத்தில். மேக்சிமாவில் க(1 + வ) என்று குறியின்றித் தட்டினால், க என்ற பெயருடைய ஏதோ ஒரு சார்பு என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே போய்விடும். அடுக்குக்கு பைத்தானில் இரண்டு நட்சத்திரம். கூரைக் குறி (^) அங்கே வேறு வேலைக்கானது: கூரைக் குறியால் 2-இன் 3-ஆம் அடுக்கைக் கேட்டால் 8 வராது, 1 வரும்.

இனி உணவக ரசீதுக்கு வருவோம். 'சிம்பல்ஸ்' கட்டளையால் வி, மொ இரண்டையும் எழுத்துகளாக அறிவித்து, சமன்பாட்டை ஈக்யூவால் அமைத்து, 'சால்வ்'-இடம் சமன்பாட்டையும் வி என்ற எழுத்தையும் கொடுக்கிறோம். 1.1, 1.09 என்று தசமமாகக் கொடுத்திருந்தால் விடை 0.834028356964137 × மொ என்று வரும். 'ரேஷனல்' கட்டளையால் 11/10, 109/100 என்று பின்னமாகக் கொடுத்திருந்தால் 1000 × மொ ÷ 1199. இரண்டாவதையே எப்போதும் விரும்புங்கள். தசமம் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு எல்லாமே தோராயம்தான், 0.1 + 0.2 பைத்தானில் 0.30000000000000004 ஆகிறது, அப்படி வால் முளைத்த இரண்டு எண்கள் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியமாகாமல் தொங்கும். பைத்தானில் 1/3 என்று நேராகத் தட்டுவதும் தசமம்தான், மறக்க வேண்டாம்.

வீட்டுக் கடன்: ஒரே சூத்திரம், நான்கு கேள்விகள்

மாற்றியமைப்பது ஏன் சில சமயம் சுலபம், சில சமயம் முடியவே முடியாதது என்பதைக் காட்ட வீட்டுக் கடனைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தரும் கடனின் வட்டி, ஊழியர் சேமிப்புத் திட்டமான மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கு வட்டியைவிட 0.1 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல், அங்கே 2.5 என்றால் இங்கே 2.6. கடன் தொகை க, மாதத் தவணை த, மாத வட்டி வ, மாதங்களின் எண்ணிக்கை ம எனில்:

த = க × வ × (1 + வ)^ம ÷ ((1 + வ)^ம − 1)

சூத்திரத்தில் ^ என்பது அடுக்கு. இங்கே வ என்பது 2.6 அல்ல, 0.026-ஐ 12-ஆல் வகுத்தது. சிம்பைக்கு 26/12000 என்று பின்னமாகக் கொடுங்கள். 300,000 வெள்ளி, 25 ஆண்டு, அதாவது 300 மாதம் என்று போட்டால் தவணை 1,361.01 வெள்ளி.

க-வைத் தனியே எடுப்பது எளிது. அது ஒரே இடத்தில், முதல் அடுக்கில் நிற்கிறது. 'மாதம் இவ்வளவு கட்ட முடியும், எவ்வளவு கடன் வாங்கலாம்' என்ற கேள்விக்கு அது விடை தரும்.

ம-வை எடுப்பது கொஞ்சம் கடினம், ஏனென்றால் அது அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் இரண்டு இடத்தில். (1 + வ)^ம முழுவதையும் ஒரே பொருளாகப் பார்த்துப் பிரித்தெடுத்து, பிறகு மடக்கை எடுக்க வேண்டும். 'சால்வ்' இதைச் செய்துவிடும்:

ம = மடக்கை(த ÷ (த − க × வ)) ÷ மடக்கை(1 + வ)

மென்பொருள் எழுதிக் காட்டும் வடிவம் இதேபோல் இராது. கழித்தல் குறிகள் இடம் மாறியிருக்கும். பதற வேண்டாம். இப்போது தவணையை 1,500 வெள்ளியாக்கினால் ம = 262.43. அதாவது 263 மாதத்தில் கடன் தீரும், கடைசித் தவணை மட்டும் சிறியது. 37 மாதம் மிச்சம்.

அதே சூத்திரத்தில் தவணையை 600 வெள்ளியாகப் போட்டுப் பாருங்கள். விடையில் கற்பனை எண் வரும். மென்பொருள் குழம்பிவிடவில்லை. முதல் மாத வட்டியே 650 வெள்ளி. 600 கட்டினால் கடன் வளர்ந்துகொண்டே போகும், எந்த மாதத்திலும் தீராது. த − க × வ குறை எண்ணாகி, குறை எண்ணின் மடக்கை கலப்பெண்ணாகிறது. விடையில் எதிர்பாராமல் கற்பனை எண் தலைகாட்டினால் கேள்வியின் எண்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது கேள்விதான் சிக்கல். வேறொரு கடனில் 300,000 வெள்ளிக்கு 300 மாதம், மாதம் 1,450 வெள்ளி கேட்கிறார்கள், வட்டி எவ்வளவு? வ-வைத் தனியே எடுக்கச் சொன்னால் சிம்பை 'இதற்கு வழிமுறை இல்லை' என்ற பொருளில் பிழைச் செய்தி தரும். காரணம் மென்பொருளின் குறை அல்ல. இரு பக்கமும் பெருக்கி விரித்தால் வ-வில் 301-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை கிடைக்கும். ஐந்தாம் படி முதல் மேலே கூட்டல், பெருக்கல், மூலம் மட்டும் கொண்ட பொதுச் சூத்திரம் இருக்க முடியாது என்று நார்வே கணிதவியலர் ஏபெல் 1824-இல் நிறுவிவிட்டார். இந்த இடத்தில் 'எக்ஸ்பேண்ட்' கட்டளையைத் தட்டிவிடாதீர்கள். திரை முழுக்க நீண்ட எண்கள் கொட்டும், ஒரு பயனும் இராது.

செய்ய வேண்டியது எண்முறைத் தேடல். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் எண்ணைப் பிரதியிட்டுவிட்டு 'என்சால்வ்' கட்டளையிடம் சமன்பாடு, எழுத்து, தொடக்க ஊகம் மூன்றையும் கொடுக்க வேண்டும். ஊகமாக 0.003 கொடுத்தால் வ ஏறத்தாழ 0.002645 என்று வரும். 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 3.17 விழுக்காடு. ஊகத்தைப் பூச்சியமாக வைக்கக் கூடாது. சூத்திரம் பின்ன வடிவில் இருந்தால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரும். பின்னத்தை ஒழிக்கப் பெருக்கிவிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அந்த வடிவத்துக்கு வ = 0 உண்மையிலேயே ஒரு தீர்வு, மென்பொருள் அதையே பெருமையோடு நீட்டும்.

தொலையும் தீர்வுகள், பொய்த் தீர்வுகள்

அ² = 5அ என்ற சமன்பாட்டுக்குத் தீர்வுகள் 0, 5. 'சால்வ்' இரண்டையும் தரும். ஆனால் படிப்படியாக நாமே செய்து பார்க்க விரும்பினால்? மேக்சிமாவில் ஒரு சமன்பாட்டோடு எண்ணைக் கூட்டினால் இரு பக்கத்திலும் கூட்டும், வகுத்தால் இரு பக்கத்தையும் வகுக்கும். பள்ளிக் கணிதத்தைப் படிப்படியாகப் பழக அருமையான வசதி. சிம்பையில் இது நேரடியாக நடக்காது, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே எடுத்துச் செய்ய வேண்டும். இப்போது அ² = 5அ-வை அ-வால் வகுத்துப் பாருங்கள். மேக்சிமா அ = 5 என்று தந்துவிட்டுச் சும்மா இருக்கும். பூச்சியம் போன இடம் தெரியாது. எழுத்தால் வகுக்கும் ஒவ்வொரு முறையும் 'இது பூச்சியமாக இருந்தால்?' என்று கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு, மென்பொருள் கேட்காது. அ × கா = பி என்ற சமன்பாட்டில் கா-வைக் கேட்டால் பி ÷ அ என்றுதான் வரும்; அ பூச்சியமாகக் கூடாது என்ற குறிப்பு கூட வராது. மேத்தமேட்டிக்காவில் 'ரெட்யூஸ்' என்ற கட்டளை மட்டும் இப்படிப்பட்ட நிபந்தனைகளை வகை பிரித்து எழுதித் தரும்.

எதிர்ப்பக்கம் பொய்த் தீர்வு. √(அ + 6) = அ என்பதை வர்க்கப்படுத்தினால் அ² − அ − 6 = 0; தீர்வுகள் 3, −2. ஆனால் −2-ஐ மூலச் சமன்பாட்டில் வைத்தால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. சிம்பை இதைத் தானே சோதித்துக் கழித்துவிடும். நாமே வர்க்கப்படுத்திய வடிவத்தைக் கொடுத்தால் அதற்கு மூலச் சமன்பாடு எதுவென்று எப்படித் தெரியும்? ஆகவே கணக்கில் வந்தபடியே சமன்பாட்டைக் கொடுங்கள்; முன்கூட்டி அழகுபடுத்திக் கொடுக்க வேண்டாம். விடை வந்ததும் 'சப்ஸ்' கட்டளையால் மூலச் சமன்பாட்டிலேயே பிரதியிட்டு, இரு பக்க வேறுபாடு பூச்சியமாகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு வரிதான் செலவு.

எழுத்துக்கு என்ன அனுமதி என்று சொல்வதும் இதே கதைதான். விழும் பொருளுக்கு உயரம் = ஈர்ப்பு முடுக்கம் × நேரம்² ÷ 2. நேரத்தைக் கேட்டால் கூட்டல், கழித்தல் என இரண்டு விடை வரும். அறிவிக்கும்போதே எல்லா எழுத்தும் நேர்மம் என்று சொல்லிவிட்டால் ஒன்றுதான் வரும். அ²-இன் வர்க்கமூலத்தை மென்பொருள் ஏன் அ என்று சுருக்க மறுக்கிறது என்று எரிச்சல்படுகிறவர்களுக்கும் இதுவே பதில்: அ = −3 ஆக இருந்தால் வர்க்கமூலம் 3, அ அல்ல. நேர்மம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் உடனே சுருக்கும். ஆனால் அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்தால் விடையே காணாமல் போகும். மாதங்கள் முழு எண்தானே என்று ம-வை முழு எண்ணாக அறிவித்துவிட்டு 2 × ம = 525-ஐத் தீர்க்கச் சொன்னால் காலிப் பட்டியல் வரும். 262.5 முழு எண் இல்லையே. காலிப் பட்டியலைக் கண்டால் சமன்பாட்டைக் குறை சொல்லுமுன் அறிவிப்பு வரியைப் பாருங்கள்.

இரண்டு சமன்பாடு, நடுவில் நிற்கும் எழுத்து

இயற்பியலில் அடிக்கடி வருவது இது. இறுதி வேகம் இ, ஆரம்ப வேகம் ஆ, முடுக்கம் மு, நேரம் நே, தூரம் தூ:

இ = ஆ + மு × நே
தூ = ஆ × நே + மு × நே² ÷ 2

நேரம் இல்லாமல் தூரத்துக்குச் சூத்திரம் வேண்டும். தூ-வை மட்டும் அறியாததாகக் குறிப்பிட்டால் நேரம் விடையிலிருந்து போகாது. இரண்டு சமன்பாட்டுக்கு ஒரே அறியாதது என்பதால் மென்பொருள் முரண்பாடு என்று முடிவுகட்டிக் காலியாகவும் திருப்பலாம். ஒழிக்க வேண்டிய எழுத்தையும் அறியாதவற்றின் பட்டியலில் சேர்க்க வேண்டும்: தூ, நே இரண்டையும் கேளுங்கள். தூ = (இ² − ஆ²) ÷ (2 × மு) என்று வரும், நே-யின் விடையைப் புறக்கணித்துவிடலாம். எத்தனை சமன்பாடோ அத்தனை அறியாதவை என்ற கணக்கு சரியாக இருக்கட்டும்.

விடை விடை போலவே இல்லையென்றால்

அ³ − 3அ + 1 = 0 என்பதற்கு மூன்று தீர்வுகளும் மெய்யெண்கள்: ஏறத்தாழ 1.532, 0.347, −1.879. ஆனால் 'சால்வ்' தரும் வடிவத்தில் கற்பனை எண்ணும் முப்படி மூலமும் பின்னிக் கிடக்கும். முப்படிச் சூத்திரத்தின் இயல்பே அப்படி. மூன்று மெய்த் தீர்வு இருக்கும்போதுதான் அது கற்பனை எண் வழியாகச் சுற்றி வருகிறது. எண்ணாக மாற்றினால் கற்பனைப் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், இருபது இலக்கத்துக்குப் பின்னால் சிறு தூசு மட்டும் மிஞ்சலாம். அ⁵ − அ − 1 = 0 போன்றவற்றில் 'இந்தப் பல்லுறுப்புக்கோவையின் இத்தனையாவது தீர்வு' என்று பெயர் மட்டும் சூட்டித் தரும். அதுவும் சரியான விடைதான். எண் கேட்டால் முதலாவது 1.1673 என்று சொல்லும்.

மேக்சிமாவில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. கொசைன் அ = அ என்பதைத் தீர்க்கச் சொன்னால் 'அ = கொசைன் அ' என்று பட்டியலிட்டுத் தரும். பார்க்க விடைபோல் இருக்கும், உண்மையில் கேள்வியைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வலப்பக்கத்திலும் அதே எழுத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எண் விடை 0.739085, மேக்சிமாவின் 'ஃபைண்ட் ரூட்' கட்டளைக்கு ஓர் இடைவெளி கொடுக்க வேண்டும், அதன் இரு முனைகளிலும் கோவையின் குறி வேறுபட்டிருக்க வேண்டும். 0 முதல் 1 வரை என்றால் சரி.

சைன் அ = 1/2 போன்றவற்றுக்கு முடிவில்லாத தீர்வுகள். மேக்சிமா ஒன்றே ஒன்றைத் தந்துவிட்டு, சில தீர்வுகள் விடுபடும் என்று எச்சரிக்கும். சிம்பையின் 'சால்வ்' இரண்டு தரும். 'சால்வ்செட்' கட்டளைதான் முழுத் தொகுதியையும் எழுதும்.

புத்தக விடையும் திரை விடையும் வேறு வேறாகத் தெரிந்தால் கண்ணால் ஒப்பிட வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 'சிம்ப்ளிஃபை' போடுங்கள். 0 வந்தால் இரண்டும் ஒன்று. 0 வரவில்லையென்றால் வேறு என்று அர்த்தமில்லை, சுருக்கத் தெரியாமலும் இருக்கலாம். அப்போது எழுத்துகளுக்கு ஏதாவது எண்களைப் போட்டுப் பாருங்கள். 0, 1 வேண்டாம், அவை தற்செயலாகப் பொருந்திவிடும், 1.7, 2.3 போன்றவை நல்லவை.

பொதுவாக எழுத்துகளோடு மாற்றியமைத்து முடித்த பிறகே எண்களைப் பிரதியிடுங்கள். ஒருமுறை பிரித்தெடுத்த சூத்திரத்தை விரிதாளில் போட்டுக்கொண்டால் தவணை மாறும்போதெல்லாம் மென்பொருளைத் திறக்க வேண்டியதில்லை. வட்டிக்கு மட்டும் அது முடியாது. எக்செலின் 'ரேட்' சார்பைப் பயன்படுத்த வேண்டும். அதுவும் உள்ளுக்குள் ஊகித்துத் தேடுவதுதான்: ஊகம் கொடுக்காவிட்டால் 10 விழுக்காட்டில் தொடங்கி, 20 சுற்றுக்குள் பிடிபடவில்லையென்றால் பிழை காட்டும். கையில் வரும் கடனை நேர்ம எண்ணாகவும் கட்டும் தவணையைக் குறை எண்ணாகவும் கொடுங்கள்; இரண்டும் ஒரே குறியில் இருந்தால் அதே பிழைதான் வரும். கிடைப்பது மாத வட்டி, ஆண்டு விகிதத்துக்கு 12-ஆல் பெருக்க வேண்டும்.